வாலு வளர்கிறான்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். நுனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்றரை வருஷமாக முழு ஆளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காரணம் ஒரு காகிதம். என் அக்கா மகன் செத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது. சாவுக்குக் காரணம் என்ற கட்டத்தில், 'சிகிச்சைக்கு எதிர்பாராத எதிர்வினை' என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது வயசுப் பையன் உள்ளும் புறமும் வெந்து போயிருக்கிறான், இவர்களுக்கு அது எதிர்பாராதது. எதிர்பார்த்திருக்க வேண்டியவர் யார் என்பதற்கு அந்தக் காகிதத்தில் கட்டமே இல்லை.

அவனை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். வயசுக்குக் குள்ளம், மாசத்துக்கு ஒரு சளி, ஆனால் அவன் இருக்கும்வரை அக்கா வீட்டில் ஒரு நாற்காலிகூட நேராக நின்றதில்லை. கழுத்தில் கட்டி வந்தது. மருந்து ஏற்றினார்கள், பாதி கரைந்தது. மீதிக்குக் கரண்டு வைக்கணும் என்றார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். எல்லோருக்கும் கொடுக்கிற அளவைத்தான் அவனுக்கும் கொடுத்தார்கள். ஆறாம் நாள் கழுத்துத் தோல் உரிந்தது. பத்தாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. "நிறுத்துங்க, இது சரியில்ல" என்று வராந்தாவில் நின்று கத்தினேன். "கோர்ஸைப் பாதியில விடக்கூடாதும்மா" என்றார்கள். பதினாலாம் நாள் கோர்ஸ் தானாகவே நின்றுபோனது.

நான் கத்தியதற்குக் காரணம் இருந்தது. நான் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் செல் வளர்க்கிறவள். எங்கள் கூடத்தின் வேலையே இதுதான், கதிர்வீச்சு தாங்காத உடம்போடு பிறக்கிற குழந்தைகளைப் பற்றியது. எல்லோர் உடம்பிலும் டி.என்.ஏ. தினமும் அங்கங்கே அறுந்துபோகும், உடம்பே தைத்துக்கொள்ளும். கதிர் பட்டால் கன்னாபின்னாவென்று அறும், அப்போதும் ஒரு நாளில் தைத்துவிடும். சில குழந்தைகளுக்கு அந்தத் தையல் வேலை பிறவியிலேயே சரியில்லை. அதற்கான ஜீன் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒன்று கெட்டிருந்தால் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் கெட்டால்தான் வினை. இந்த மாதிரி ஜீன்கள் சில தெரிந்தவை, இன்னும் பல தெரியாதவை. தெரிந்தவை எதுவும் வாலுவிடம் கெட்டிருக்கவில்லை.

அவன் கடைசி நாளில், கதிர் படாத தொடையிலிருந்து மிளகளவு தோலை எடுக்கவைத்தேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். "என்னத்தையாவது பண்ணு, ஏன்னு மட்டும் கண்டுபிடி" என்றாள். அந்தத் தோலைப் பிளாஸ்கில் போட்டு, ஊட்டநீர் விட்டு, இன்குபேட்டரில் வைத்தேன். செல்கள் வந்தன, ஆனால் நோஞ்சான் செல்கள். முதல் பிளாஸ்க் நிரம்பவே ஒரு மாசம் ஆனது. எங்கள் வழக்கப்படி அதில் ஒரு பங்கை ஒரு குப்பியில் எடுத்து, நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்தேன். மீதியை வளர்த்தேன். நாளுக்கு நாள் சுருங்கின. நலிந்த செல்லுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. நன்றாக வளர்கிற செல்கள் இருந்த ஊட்டநீரில் கொஞ்சம் எடுத்து இவற்றுக்குக் கொடுத்தால் தெம்பு வரும். கொடுத்தேன்.

ஆறாவது வாரம் அவை திடீரென்று ஓட ஆரம்பித்தன. நான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து அழுதேன். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். 'வாலு வளர்கிறான்' என்று எழுதினேன். அன்றிலிருந்து அக்கா போனைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் படம்தான். பையன் போட்டோவை அவளால் பார்க்க முடியவில்லை. இதைப் பார்த்தாள். மாசா மாசம் புதுப் படம் அனுப்பினேன், மாசா மாசம் மாற்றிக்கொண்டாள்.

வளர்ந்த செல்களின் மேல் கதிரைச் செலுத்திப் பார்த்தோம். அறுந்த இடங்களை ஒரு சாயம் பச்சைப் புள்ளியாகக் காட்டும். நல்ல செல்லாக இருந்தால் மறுநாளைக்குள் புள்ளி மறைந்துவிடும். மறைந்துவிட்டது. 'செல்கள் இயல்பான முறையில் பழுது நீக்குகின்றன' என்று அறிக்கை போனது. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் சோதனை செய்தவர் என்ற கோட்டில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

மூன்று வருஷம் அந்தச் செல்களின் டி.என்.ஏ.வில் ஜீனைத் தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் இந்த வருஷம் அக்காவின் இரண்டாவது குழந்தை குட்டிக்கு நெஞ்சில் கட்டி வந்தது. அவளுக்கு ஏழு வயசு. அவளும் குள்ளம், அவளுக்கும் மாசம் ஒரு சளி. மருந்து ஏற்றினார்கள், பாதி கரைந்தது. அடுத்து என்ன சொல்வார்கள் என்று எங்களுக்கு மனப்பாடம்.

கதிர்வீச்சு டாக்டர் இந்தத் தடவை வேறு ஆள். ரொம்ப மரியாதையானவர். மரியாதையாகப் பேசுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், சண்டைக்கு இடமே கொடுக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவர் அறையில் உட்கார்ந்தேன்.

"உங்க கவலை எனக்குப் புரியுதும்மா. ஆனா இதைப் பாருங்க" என்று ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்தார். எங்கள் அறிக்கை. "பையனோட செல்லுல ஒரு கோளாறும் இல்லன்னு உங்க லேப்தானே எழுதியிருக்கு?"

"அப்போ அவன் எதனால செத்தான் டாக்டர்?"

"சில நேரம் அப்படி ஆயிடும். கோடியில ஒண்ணு."

"அந்தக் கோடியில ஒண்ணுக்கு எங்க வீட்டு விலாசம் மட்டும்தான் தெரியுமா?"

அவர் கோபப்படவில்லை. காகிதத்தின் கீழே விரலை வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குட்டியின் ரத்தத்தைச் சோதிக்கலாம் என்றேன். மருந்து ஏற்றியதில் அவள் ரத்தத்தில் சோதிக்கிற அளவுக்கு வெள்ளை அணுவே இல்லை என்றார், அது உண்மை. தோல் எடுத்து வளர்க்கலாம் என்றேன். ஒன்றரை மாசம் ஆகும், நெஞ்சுக் கட்டி அதுவரை காத்திருக்காது என்றார், அதுவும் உண்மை.

"கரண்டு வைக்காம, மருந்தை மாத்திப் பாத்தா?"

"பாக்கலாம். ஆனா அதுல குணமாகிற வாய்ப்பு குறைவு. காரணம் இல்லாம அந்த வழிக்கு நான் போனா அது தப்பு. திங்கக்கிழமை ஆரம்பிக்கிறோம். அதுக்குள்ள ஆதாரம் எதாவது கொண்டு வாங்க, கண்டிப்பா பாக்குறேன்."

ஆறு நாள் இருந்தது.

நோய் தெரிந்த அன்றே எடுத்துவைத்திருந்த குட்டியின் டி.என்.ஏ.வை எங்கள் கூடத்தில் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டரில் ஜீன் பார்க்கிறவரை நாங்கள் சல்லடை என்போம். எதைக் கேட்டாலும் "சலிச்சுப் பாத்துடுவோம்" என்பார். டீயில் சர்க்கரை குறைவு என்றாலும் அதே பதில்தான். பழுது நீக்குகிற ஜீன் இருநூறு கொண்ட பட்டியல் ஒன்று அவரிடம் இருக்கிறது. வாலுவின் பட்டியலையும் குட்டியின் பட்டியலையும் ஒன்றாகப் போட்டுச் சலித்திருந்தார்.

புதன்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள். பேராசிரியரும் இருந்தார். மேடம் என்போம். நான் உள்ளே போனதும் மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். அங்கே யாரும் கதவைச் சாத்துகிற வழக்கமே இல்லை.

"ரெண்டு பேருக்கும் பொதுவா, ரெண்டு பிரதியும் கெட்டுப்போன ஜீன் ஒண்ணுகூட இல்ல" என்றார் சல்லடை.

"இதைச் சொல்லவா கதவைச் சாத்துனீங்க?"

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். "நீயே சொல்லு" என்றார்.

"கூடப் பொறந்தவங்கன்னா பாதி ஒத்துப்போகணும்" என்றார் சல்லடை, என் முகத்தைப் பார்க்காமல். "இது கால்வாசிதான் ஒத்துப்போகுது. மூணு தடவை பாத்துட்டேன். அம்மா ஒண்ணுதான். அப்பாதான் வேற வேற போலிருக்கு."

நான் கத்த ஆரம்பித்தேன். அறை முழுக்க என் சத்தம்தான். என்ன பேசினேன் என்று எல்லாம் நினைவில்லை. அக்காவும் மாமாவும் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு ஈ பறக்க முடியாது, உங்கள் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் என்ற அளவுக்குப் பேசினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"இது குடும்ப விஷயம், நாங்க வெளிய விடமாட்டோம். ஆனா ஆராய்ச்சிக்கு இது முக்கியம்மா. அப்பா வேறன்னா, பையனுக்கு வந்தது இந்தப் பொண்ணுக்கு வந்திருக்கவே முடியாது. அப்பா பக்கத்துக் கெட்ட பிரதி இவளுக்கு இருக்காதே. ஒரு வகையில நல்ல சேதிதான். தைரியமா ரேடியேஷன் குடுக்கலாம்."

நல்ல சேதியாம். ஆனால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். குட்டி பிழைப்பாள் என்றால், அக்கா அப்படி நடந்துகொண்டிருந்தால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். நினைத்ததோடு நின்றிருந்தால் மனுஷி. பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாமா கட்டிலோரம் உட்கார்ந்து குட்டிக்குப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். ஆனை வரும் இடத்தில் ஆனை மாதிரியும் எலி வரும் இடத்தில் எலி மாதிரியும் பேசிக்கொண்டிருந்தார். குட்டி முகமூடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துவந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"என்னடி?"

"வாலுவுக்கும் குட்டிக்கும் அப்பா ஒருத்தர்தானா?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. சுவரில் சாய்ந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு சொன்னது?"

"லேப்ல. டி.என்.ஏ. அப்படித்தான் வருதாம்."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

சண்டை போட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் சண்டை போட்டவள் எதற்கு இங்கே வந்து நிற்கிறாள்?

"அவரோட காது, அவரோட பல்லு, அவரோட குறட்டை. அப்படியே உரிச்சு வெச்சுப் பொறந்தான் என் பிள்ளை" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை, உள்ளே குட்டிக்குக் கேட்கக்கூடாது என்று. "ஒன்பது வருஷம் பக்கத்துல படுத்தவ நான். நீங்க மெஷின்ல போட்டுப் பாத்து எனக்குச் சொல்றீங்களா? அப்பன் யாருன்னு அப்புறம் பாருங்கடி. நீங்க அங்க வெச்சிருக்கிறது என் பிள்ளைதானான்னு முதல்ல பாருங்க. போ. என் மூஞ்சியில முழிக்காத."

பஸ்ஸில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தேன், மேடத்தை, சல்லடையை, டாக்டரை, என்னை. மூன்றாவது நிறுத்தத்தில் திட்டு நின்றுவிட்டது. அக்கா கேட்ட கேள்வியை மூன்று வருஷத்தில் நாங்கள் யாருமே கேட்கவில்லை. பிளாஸ்க் மேல் எழுதியிருந்ததைப் படித்தோம். எழுதினவள் நான். அதனால் நானும் நம்பினேன், எல்லோரும் நம்பினார்கள்.

கூடத்துக்கு வந்ததும் கேட்டேன். "உங்க பட்டியல்ல வாலு ஆம்பளைன்னு தெரியுதா?"

சல்லடை விழித்தார். "இருநூறு ஜீன்ல ஆண் குரோமோசோம்ல இருக்கிறது எதுவும் கிடையாதே. அதெல்லாம் எதுக்குப் பாக்கணும்? பையன்னுதான் எழுதியிருக்கே."

"வாயைக் கொப்பளிச்சிட்டு ஒரு குழாய்ல துப்புங்க."

"எதுக்கு?"

"எனக்கு ஒரு ஆம்பளை வேணும்."

அவர் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, புரிந்ததும் துப்பினார். ஆணா பெண்ணா என்று பார்க்கிற சோதனை சின்னது, இரண்டு மூன்று மணி நேர வேலை. ஆணாக இருந்தால் இரண்டு கோடு விழும், பெண்ணாக இருந்தால் ஒரு கோடு. சல்லடையின் எச்சிலுக்கு இரண்டு கோடு விழுந்தது. வாலு என்று எழுதியிருந்த செல்லுக்கு ஒரே ஒரு கோடுதான் விழுந்தது.

மூன்று வருஷமாக நான் வாலு என்று வளர்த்தது ஒரு பெண்ணை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், தெரியாத மாதிரி அடுத்த சோதனையைப் போட்டேன். ஆளுக்கு ஆள் மாறுகிற பதினாறு இடங்களைப் பார்க்கிற சோதனை, கைரேகை பார்க்கிற மாதிரி. அந்த நாட்களில் அதே இன்குபேட்டரில் வளர்ந்த இன்னொரு பெண்ணின் செல் ஒன்றே ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல உடம்பின் செல் வேண்டும் என்று மேடம் கேட்டபோது, என் முழங்கைக்கு மேலே தோல் எடுத்துக் கொடுத்தவள் நான். நார்மல்-4 என்று அதற்குப் பெயர். நல்ல செல்லைப் படிக்க யார் நேரம் செலவழிப்பார்கள்? அதன் டி.என்.ஏ.வை யாரும் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை காலை முடிவு வந்தது. பதினாறுக்குப் பதினாறு ஒத்துப்போனது.

என் செல்கள் இருந்த ஊட்டநீரைத்தான் வாலுவுக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் அதை வடிகட்டியில் விடவேண்டும், மிதக்கிற செல் ஒன்றுகூட வராமல் இருக்க. அது கட்டாயம். அன்றைக்கு வடிகட்டி தீர்ந்துபோயிருந்தது. புதுசு மறுநாள்தான் வரும் என்றார்கள். வாலு மறுநாள்வரை தாங்க மாட்டான் என்று எனக்குப் பயம். மெஷினில் சுழற்றிச் செல்களை அடியில் படியவைத்தால் போதும் என்று சுழற்றி, மேலாக எடுத்து ஊற்றிவிட்டேன். நாலு செல் வந்திருந்தால் போதும். என்னுடையவை நாளுக்கு நாள் இரட்டிக்கிறவை, அவனுடையவை தள்ளாடுகிறவை. ஒரு மாசத்தில் அவன் இடம் முழுக்க நான். நலிந்த செல் திடீரென்று ஓடினால் சந்தேகப்படு என்று இந்த வேலையில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள். நான் சந்தோஷப்பட்டேன். படம் எடுத்து அனுப்பினேன்.

அண்ணனும் தங்கையும் பாதி ஒத்துப்போவார்கள். சித்தியும் அக்கா மகளும் கால்வாசி ஒத்துப்போவார்கள். சல்லடையின் கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதை அக்கா மேல் ஏற்றிவிட்டோம்.

சல்லடைக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. விசைப்பலகையை இழுத்து எதையோ தட்டினார். கொஞ்ச நேரத்தில் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மூணு வருஷமா இது முதல் வரிசையிலதான் நிக்குது" என்றார். "ஒரு பிரதிதான் கெட்டிருக்குன்னு தள்ளி வெச்சிட்டேன். அது நீங்க. உங்க வீட்டுப் பக்கத்துக் கெட்ட பிரதி உங்ககிட்டயும் இருக்கு. குட்டியைப் பாருங்க. உங்ககிட்ட இருக்கிறதே ஒண்ணு. அது இல்லாம இன்னொண்ணு. ரெண்டு பிரதியும் போச்சு."

அந்த இன்னொன்று மாமா பக்கத்திலிருந்து வந்தது என்பதை, மாமாவின் ரத்தத்தைப் பார்த்து மத்தியானமே உறுதி செய்தார். எந்த வீட்டுக் குறை என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் மூன்று வருஷம் ஜாடை பேசியது. ஆளுக்குப் பாதி.

டாக்டருக்குப் போன் செய்தேன். அதே மரியாதை. "இந்த ஜீன்ல இப்படி ஒரு மாற்றம் இதுவரைக்கும் யாரும் பாத்ததில்லையேம்மா. மாற்றம் இருந்தா நோய்னு சொல்ல முடியாது. செல்லுல காட்டுங்க. அப்புறம், செல்லு நல்லா இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் என் கையில இருக்கே, அதுக்கு என்ன பதில்?"

பதிலை மேடத்திடம் கேட்கப் போனேன். மேடம் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "அதை வாபஸ் வாங்கினா இந்த மூணு வருஷ வேலையும் போச்சு. லேப் பேரும் போச்சு. முதல்ல புதுசா ஒரு ஆதாரம் வரட்டும். நிதானமா யோசிச்சு—"

"திங்கக்கிழமை குழந்தையை மேஜையில படுக்க வைக்கிறாங்க மேடம். நீங்க நிதானமா யோசிக்கிறதுக்குள்ள அவ வெந்துடுவா. தப்பு பண்ணினது நான். என் பேரைப் போட்டே எழுதுங்க, என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. ஆனா இப்ப, என் கண்ணு முன்னாடி எழுதுங்க."

"தப்பு உன்னோடது மட்டுமில்ல" என்றார் மேடம். "யாரோட செல்லுன்னு ஒரு தடவைகூடப் பாக்கச் சொல்லாதது நான்தான்." எழுதினார். ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

மிச்சம் இருந்தது முதல் மாசம் உறையவைத்த அந்த ஒரே குப்பி. ஊட்டநீர் கொடுப்பதற்கு முன் எடுத்தது, அவன் மட்டுமே இருக்கிற குப்பி. தொட்டியைத் திறந்து, புகைக்குள் கையுறையை விட்டு, அடித்தட்டிலிருந்து எடுத்தேன். கைச்சூட்டிலேயே உருக்கினேன். இரண்டு சின்னக் கண்ணாடித் தட்டுகளில் விட்டேன். சனிக்கிழமை காலை பார்த்தபோது பெரும்பாலானவை செத்து மிதந்தன. தரையைப் பிடித்துக்கொண்டு நூற்றுச் சொச்சம் உயிரோடு இருந்தன. ஆணா பெண்ணா என்று மிதந்தவற்றில் பார்த்தேன். இரண்டு கோடு விழுந்தது.

சாயம் போட வேண்டுமென்றால் செல்லைக் கொன்றுதான் போட வேண்டும். கொஞ்சத்தை எடுத்துவைத்து வளர்க்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. நூறை வைத்துக்கொண்டு பிரித்தால் டாக்டர் நம்புகிற எண்ணிக்கை வராது. ஒரு தட்டைக் கதிர் படாமல் வைத்தேன். இன்னொன்றைக் கதிர்ப்பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடி, பொத்தானை அழுத்தினேன். முதல் தடவை அவனுக்கு இதைச் செய்தவர்களை நான் சபித்திருக்கிறேன், பெயர் சொல்லிச் சபித்திருக்கிறேன்.

ஒரு நாள் காத்திருக்க வேண்டும். காயம் ஆறினால் குட்டி திங்கட்கிழமை மேஜைக்குப் போவாள். ஆறாவிட்டால் போகமாட்டாள். வாலு கிடந்த பதினாலு நாளும் ஆறிடும்டா கண்ணு, ஆறிடும்டா என்று அவன் தலைமாட்டில் உட்கார்ந்து சொன்ன அதே வாயால், இன்குபேட்டர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஆறிடாதடா, ஆறிடாதடா என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயம் போட்டுப் பார்த்தேன். கதிர் படாத தட்டில் செல்லுக்கு ஒன்றிரண்டு புள்ளி. கதிர் பட்ட தட்டில் இருபது, இருபத்தைந்து, எண்ண முடியாதது சில. ஒன்றுகூட ஆறவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இது மூன்றரை வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். என் கையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை டாக்டர் மேஜையில் மூன்றையும் வைத்தேன், படம், ஜீன் பட்டியல், மேடத்தின் வாபஸ் கடிதம். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். குட்டியின் ஃபைலைத் திறந்து, கதிர்வீச்சு என்ற வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் 'எக்காலத்திலும் கூடாது' என்று எழுதினார்.

"மருந்தை மாத்துறோம். அந்த மருந்துலயும் அளவைக் குறைச்சுத்தான் கொடுக்கணும். கஷ்டமான வழி. ஆனா வழி இருக்கு" என்றார். அப்புறம், "அன்னிக்கு உங்களை அனுப்பியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்குங்க" என்றார். மன்னிக்கிற நிலையில் நான் இல்லை.

அக்கா வராந்தாவில் நின்றிருந்தாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. கரண்டு இல்லை என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மற்றதையும் சொன்னேன், வடிகட்டி, ஊட்டநீர், பதினாறுக்குப் பதினாறு, எல்லாவற்றையும். எதையும் விடவில்லை.

அவள் போனை எடுத்துத் திறந்தாள். போன மாசம் நான் அனுப்பிய படம், நெருக்கமாக, ஆரோக்கியமாக.

"இது நீயா?"

"ஆமாக்கா."

"மூணு வருஷமா?"

"ஆமா."

"இதுக்கு நான் முத்தம் குடுத்திருக்கேன்டி" என்றாள்.

போனை நீட்டினாள். "அவனைக் காட்டு."

என் போனிலிருந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தைக் காட்டினேன். கறுப்பில் நீல வட்டங்கள், வட்டம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள்.

"இந்தப் பச்சை என்ன?"

"காயம்."

"உயிரோட இருக்கா?"

"இல்லக்கா. இத்தோட முடிஞ்சுது. வேற மிச்சம் இல்ல."

"வலிச்சிருக்குமா?"

"செல்லுக்கு வலி தெரியாது."

அவள் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வட்டமாக நகர்த்திப் பார்த்தாள். கடைசி வட்டம்வரை பார்த்தாள். தனக்கு அனுப்பிக்கொண்டாள். உள்ளே குட்டி "அம்மா" என்று கூப்பிட்டாள். அக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய், அங்கேயே நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சித்தி எங்கன்னு ரெண்டு நாளா கேட்டுக்கிட்டு இருக்கா" என்றாள். "போய் நல்லா கை கழுவிட்டு வா."